பல மாறிக் கால்குலஸ்: எந்தப் புத்தகத்தைப் பிடிப்பது?

போன மே மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் வருடம் முடித்திருந்தாள். கையில் ஒரு துண்டுச்சீட்டு, அதில் மூன்று பெயர்கள்: ரூடின், ஸ்பிவாக், எம்.ஐ.டி. வீடியோ. "அண்ணா, லீவுல இதுல எதை எடுக்கட்டும்?" என்று கேட்டாள். மூன்றும் பல மாறிக் கால்குலஸுக்குத்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஒரே பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பஸ் எல்லாம் ஒரே ஊருக்குப் போவதில்லையே. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் இந்தப் பாடம் எப்படி வந்து சேர்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். பிளஸ் டூ புத்தகத்திலேயே பகுதி வகைக்கெழு வந்துவிடுகிறது. ஒரு மாறியை மாறிலியாக நினைத்துக்கொண்டு மற்றதை வகையிட வேண்டும், அவ்வளவுதான். கல்லூரிக்குப் போனால் ஒரு செமஸ்டர் வெக்டர் கால்குலஸ்: கிரேடியண்ட், டைவர்ஜன்ஸ், கர்ல், கடைசியில் கிரீன், ஸ்டோக்ஸ், காஸ் தேற்றங்களைச் 'சரிபார்' என்று பத்து மதிப்பெண் கேள்வி. மூன்றாம் வருடம் ரியல் அனாலிசிஸ் வருகிறது. பெரும்பாலான கல்லூரிகளில் அது தொடர்வரிசை, மெட்ரிக் வெளி, ஒரு மாறிச் சார்பு என்ற அளவில் நின்றுவிடும். பல மாறிகளில் கணக்குப் போடப் பழகியிருப்போம், ஒரு மாறியில் நிரூபிக்கப் பழகியிருப்போம். பல மாறிகளில் நிரூபிப்பது என்கிற நடு இடம் காலியாகவே கிடக்கும். எம்.எஸ்சி. முதல் செமஸ்டரில் ஆசிரியர் "இது உங்களுக்குத் தெரிந்திருக்குமே" என்று தாண்டிப் போவது சரியாக அந்த இடத்தைத்தான்.

அந்தக் காலி இடத்தில் இருக்கிற முக்கியமான சங்கதி ஒன்றே ஒன்று. பல மாறிச் சார்பின் வகைக்கெழு என்பது ஒரு எண் இல்லை, ஒரு நேரியல் உருமாற்றம் (கூட்டலையும் எண்ணால் பெருக்குவதையும் குலைக்காத மாற்றம், அணியாக எழுத முடிவது). இதை எந்தப் புத்தகம் எப்போது, எப்படிச் சொல்கிறது என்று பார்த்தாலே புத்தகத் தேர்வு பாதி முடிந்துவிடும். நான் ஒப்பிடுவதும் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான்.

வெறுமனே சொன்னால் புரியாது, ஒரு கணக்கைப் பார்ப்போம். எக்ஸ், ஒய் என்று இரண்டு எண்களைக் கொடுத்தால் இரண்டு எண்களைத் திருப்பித் தரும் ஒரு சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எண், எக்ஸ் வர்க்கத்திலிருந்து ஒய் வர்க்கத்தைக் கழித்தது. இரண்டாவது, எக்ஸ், ஒய் இரண்டின் பெருக்கலைப் போல் இரண்டு மடங்கு. (1, 2) என்ற புள்ளியைக் கொடுத்தால் (−3, 4) வரும். நான்கு பகுதி வகைக்கெழுக்களையும் அங்கே கண்டுபிடித்து அணியாக அடுக்கினால் முதல் வரிசை 2, −4. இரண்டாம் வரிசை 4, 2. இப்போது எக்ஸை மட்டும் 0.01 நகர்த்துங்கள். அந்த அணியால் (0.01, 0) என்ற நகர்வைப் பெருக்கினால் (0.02, 0.04). ஆக, சார்பின் புது மதிப்பு ஏறக்குறைய (−2.98, 4.04) ஆக இருக்கும் என்று அணி சொல்கிறது. நேரடியாகப் போட்டுப் பாருங்கள்: (−2.9799, 4.04). பிசகு 0.0001. நகர்வைப் பத்தில் ஒன்றாக்கினால் பிசகு நூறில் ஒன்றாகும். நகர்வைவிடப் பிசகு வேகமாகச் சுருங்குகிறது. இப்படிச் சுருங்க வைக்கிற அணி ஒன்று இருந்தால் சார்பு வகையிடத்தக்கது, அந்த அணி குறிக்கிற உருமாற்றமே வகைக்கெழு. வரையறை இவ்வளவுதான். இது பிடிபட்டுவிட்டால் சங்கிலி விதி என்பது இரண்டு அணிகளைப் பெருக்குவதுதான். கல்லூரியில் கிளை கிளையாக மரம் வரைந்து மனப்பாடம் செய்த அதே சங்கிலி விதி.

பகுதி வகைக்கெழுக்கள் இருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு எதிர் உதாரணம் ஒன்று வைத்திருக்கிறேன். எக்ஸ் வர்க்கத்தை ஒய்யால் பெருக்கி மேலே வையுங்கள். கீழே எக்ஸின் நான்காம் அடுக்கையும் ஒய் வர்க்கத்தையும் கூட்டி வையுங்கள். ஆதிப்புள்ளியில் மட்டும் மதிப்பு 0 என்று வைத்துக்கொள்வோம். எந்த நேர்கோட்டின் வழியாக ஆதிப்புள்ளிக்கு வந்தாலும் சார்பு சமர்த்தாக 0-க்கு வந்து சேரும். எல்லாத் திசைகளிலும் திசை வகைக்கெழு உண்டு. ஆனால் பரவளையத்தின் வழியாக வந்து பாருங்கள். எக்ஸ் 0.1, ஒய் 0.01 என்றால் மேலே 0.0001, கீழே 0.0002, விடை அரை. எக்ஸ் 0.01, ஒய் 0.0001 என்றாலும் அரை. எவ்வளவு நெருங்கினாலும் அரையை விட்டு இறங்காது. எல்லாத் திசையிலும் வகைக்கெழு இருந்தும் சார்பு தொடர்ச்சியாகக்கூட இல்லை. முதல்முறை இதைப் பார்த்தபோது பிளஸ் டூவிலிருந்து படித்ததெல்லாம் ஆட்டம் கண்ட மாதிரி இருந்தது எனக்கு.

சரி, புத்தகங்களுக்கு வருவோம்.

முதல் வழி, கணக்கிலிருந்து தொடங்குவது. எம்.ஐ.டி.யில் டெனி ஓரூ 2007-இல் நடத்திய 18.02 என்ற எண் கொண்ட பல மாறி வகுப்பின் வீடியோக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மொத்தம் 35 வகுப்புகள். கரும்பலகையில் அவர் மேலும் கீழும் நகர்த்தி வரைகிற படங்களுக்காகவே பார்க்கலாம். ஒரு மேற்பரப்பைச் சின்னச் சின்னத் தொடுதளங்களாக உடைப்பது, ஃப்ளக்ஸ் என்றால் ஒரு வலை வழியாக எவ்வளவு தண்ணீர் பாய்கிறது என்று கேட்பது என எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கும். ஒரு லீவு போதும், முடித்துவிடலாம். ஆனால் வகைக்கெழு ஒரு உருமாற்றம் என்கிற விஷயம் இந்த வழியில் ஓரமாகத் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். நேர்கோட்டுத் தோராயம் வரும், ஜேக்கோபியன் (மேலே அடுக்கிய அந்தப் பகுதி வகைக்கெழு அணி) வரும், இரண்டும் ஒரே ஆளின் இரண்டு பெயர் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்ல மாட்டார்கள். இன்ஜினியரிங் படிப்பவருக்கு அது பெரிய குறையே இல்லை. கணிதத்தில் மேலே போகிறவருக்குக் குறைதான்.

இருந்தாலும் இந்த வழியை இளப்பமாகப் பார்க்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிரூபணம் மட்டும் தெரிந்து, ஒரு கோளத்தின் மேல் ஒரு இரட்டைத் தொகையைக் கணக்கிடச் சொன்னால் எல்லைகளை எப்படிப் போடுவது என்று விழிக்கிற எம்.எஸ்சி. மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் கணக்கு ஓடாதவருக்குத் தேற்றம் எதைப் பற்றிப் பேசுகிறது என்பதே தெரியாது.

இரண்டாவது வழி ரூடின். வால்டர் ரூடினின் அனாலிசிஸ் புத்தகம் முதலில் 1953-இல் வந்தது, நாம் படிக்கிற மூன்றாம் பதிப்பு 1976-ஐச் சேர்ந்தது. முதல் எட்டு அத்தியாயங்களைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, அந்தச் செறிவுக்கு இன்றைக்கும் மதிப்பு இருக்கிறது. பல மாறி வருவது 9-ஆம் அத்தியாயத்தில். நேரியல் உருமாற்றம் என்றால் என்ன என்பதிலேயே தொடங்கி, வகைக்கெழுவை நேராக உருமாற்றமாகவே வரையறுக்கிறார். நம் அளவுகோல்படி பார்த்தால் முழு மதிப்பெண். இன்வர்ஸ் ஃபங்ஷன் தேற்றத்தை (வகைக்கெழுவுக்கு நேர்மாறு இருந்தால் சார்புக்கும் அருகளவில் நேர்மாறு உண்டு என்பது) கான்ட்ராக்ஷன் தத்துவத்தைக் கொண்டு நிரூபிக்கிற இடம் அழகு. பிரச்சினை என்னவென்றால் லினியர் ஆல்ஜீப்ரா முழுவதையும் சில பக்கங்களில் மடித்து வைத்துவிடுகிறார். ஏற்கெனவே தெரிந்தவருக்கு அது நினைவூட்டல், தெரியாதவருக்குச் சுவர். 10-ஆம் அத்தியாயம், அதாவது டிஃபரன்ஷியல் ஃபார்ம்களும் (வளைவு, பரப்பு மேல் தொகையிடப்படும் கோவைகள்) ஸ்டோக்ஸ் தேற்றமும், இன்னும் மோசம். படம் தேடினாலும் கிடைக்காது. எல்லாம் குறியீடாக நகர்ந்து கடைசியில் தேற்றம் நிரூபணமாகிவிடும், ஆனால் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இதில் சொந்த அனுபவமும் உண்டு. மூன்றாம் வருடத்தில் யார் பேச்சையும் கேட்காமல் நேராக 9-ஆம் அத்தியாயத்தைத்தான் பிடித்தேன். காலையில் நான்கரைக்கு எழுந்து, அம்மா போட்டுக் கொடுத்த காபியோடு உட்கார்ந்தால் ஏழு மணிக்கு அரைப் பக்கம் நகர்ந்திருக்கும். எனக்கு மூளை போதவில்லை என்றே இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் குறை வேறு இடத்தில். கல்லூரியில் கேலி–ஹாமில்டன் தேற்றத்தை வைத்து மூன்றுக்கு மூன்று அணியின் நேர்மாறைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வேன். ஆனால் அணி என்பது ஒரு உருமாற்றத்தின் முகவரி, அடிக்கணத்தை, அதாவது அளக்கிற அச்சுகளை, மாற்றினால் முகவரியும் மாறும் என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை. அதை லைப்ரரியில் வேறொரு புத்தகத்தில் மூன்று வாரம் படித்துவிட்டுத் திரும்பி வந்தபோது அதே பக்கங்கள் ஒரு வாரத்தில் முடிந்தன.

மூன்றாவது, ஸ்பிவாக்கின் 'கால்குலஸ் ஆன் மேனிஃபோல்ட்ஸ்' (மேனிஃபோல்டு என்றால் வளைவு, பரப்பு போன்றவற்றின் பொது வடிவம்). 1965-இல் வந்தது. ஐந்தே அத்தியாயங்கள், நூற்றைம்பது பக்கத்துக்கும் குறைவு. மெலிசாக இருக்கிறதே என்று வாங்கி ஏமாந்தவர்கள் பல பேர். பாடத்தின் பெரும்பகுதி பயிற்சிக் கணக்குகளில் ஒளிந்திருக்கிறது, அவற்றைப் போடாமல் படித்தால் பாதிப் புத்தகத்தைத்தான் படித்ததாக அர்த்தம். அட்டையில் ஒரு பழைய கடிதத்தின் படம் இருக்கும். 1850 ஜூலையில் கெல்வின் ஸ்டோக்ஸுக்கு எழுதியது. நாம் ஸ்டோக்ஸ் தேற்றம் என்று சொல்வது உண்மையில் அந்தக் கடிதத்தில் கெல்வின் சொன்னதுதான். ஸ்டோக்ஸ் அதை 1854-இல் கேம்பிரிட்ஜில் ஸ்மித் பரிசுத் தேர்வில் ஒரு கேள்வியாகக் கேட்டார், பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. அந்த வருடம் அந்தத் தேர்வை எழுதியவர்களில் மாக்ஸ்வெல்லும் ஒருவர். கேள்வித்தாள் எடுத்தவர் பெயரில் தேற்றம் வழங்குவது நம் கல்லூரி ஆசிரியர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலான செய்தி.

ஸ்பிவாக் எனக்குப் பிடித்த புத்தகம், ஆனால் முதல் புத்தகமாக யாருக்கும் சொல்ல மாட்டேன். வழியெல்லாம் மைல்கல் இருக்கும், நிழல் இருக்காது.

அதே நிலத்தை நிதானமாக நடத்திக் கூட்டிப் போகிறவர் ஜேம்ஸ் முன்க்ரெஸ். டோபாலஜி புத்தகத்தால் பெயர் பெற்றவர். 1991-இல் அவர் எழுதிய மேனிஃபோல்ட் அனாலிசிஸ் புத்தகத்துக்கு நம் பக்கத்தில் அவ்வளவு பேச்சில்லை. முதல் அத்தியாயத்தில் தேவையான லினியர் ஆல்ஜீப்ராவையும் டோபாலஜியையும் திரும்பச் சொல்லிவிட்டு, இரண்டாவதில் வகைக்கெழு, பிறகு தொகையிடல், மாறி மாற்றம், அப்புறம்தான் மேனிஃபோல்டு. ஸ்பிவாக் ஒரு வரியில் தாண்டுகிற இடத்தில் இவர் ஒரு பக்கம் எடுத்துக்கொள்கிறார். சில சமயம் ரொம்பவே நிதானம், மாறி மாற்றத் தேற்றத்துக்கு ஒரு அத்தியாயமே போகிறது. ஆனால் தனியாக, ஆசிரியர் இல்லாமல், மொட்டை மாடியில் உட்கார்ந்து படிக்கிற ஆளுக்கு அந்த நிதானம்தான் வேண்டும்.

இன்னொரு வகையும் இருக்கிறது, லினியர் ஆல்ஜீப்ராவையும் கால்குலஸையும் ஒரே கயிறாகத் திரித்துத் தருவது. அபோஸ்டலின் கால்குலஸ் இரண்டாம் தொகுதி அப்படி. நேரியல் வெளி, உருமாற்றம், அணிக்கோவை, ஐகன் மதிப்பு எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட்டுத்தான் பல மாறிக்குள் நுழைகிறது. ஹப்பார்ட் தம்பதியின் புத்தகம் இன்னும் ஒரு படி மேலே போய், டிஃபரன்ஷியல் ஃபார்ம் வரை கொண்டுபோகிறது. இன்வர்ஸ் ஃபங்ஷன் தேற்றத்தை அவர்கள் நியூட்டன் முறையிலிருந்து எடுப்பதால் 'அருகில் எங்கோ நேர்மாறு உண்டு' என்பதோடு விடாமல், எவ்வளவு தூரம் வரை உண்டு என்று எண்ணாகவே சொல்கிறார்கள். எண்ணூறு பக்கம் அளவுக்கு இருக்கும். எங்கள் ஊர்க் கடையில் நான் பார்த்ததே இல்லை. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் டெட் ஷிஃப்ரின் நடத்திய வகுப்புகள் யூடியூபில் இருக்கின்றன, அவையும் இந்த வகைதான். வகுப்பில் நிரூபணத்தை எழுதிக்கொண்டே கணக்கும் போடுகிறார். இந்த வழியின் விலை நேரம். ஒரு முழு வருடம் கேட்கும். முதல் வருடத்திலேயே இருப்பவர், எந்த அவசரமும் இல்லாதவர் என்றால் வேறு யோசனையே வேண்டாம், இதை எடுங்கள். மூன்றாம் வருட வாசலில் நிற்பவருக்கு அந்த வசதி இல்லை.

போட்டித் தேர்வைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, கேட்பவர்களில் பாதிப் பேர் மனதில் அதுதான் இருக்கிறது. எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஐ.ஐ.டி. ஜாம் தேர்வின் கணிதத் தாள் மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண்கள். விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணை அடிக்க வேண்டும். உங்கள் நிரூபணத்தை யாரும் படிக்கப் போவதில்லை. அதற்கு முதல் வழியும் மேலே சொன்ன பரவளையம் போன்ற எதிர் உதாரணங்களும் போதும். ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் அப்படி இல்லை. பாடத்திட்டத்திலேயே 'வகைக்கெழு ஒரு நேரியல் உருமாற்றமாக' என்று எழுதியிருக்கிறார்கள், கூடவே இன்வர்ஸ், இம்ப்ளிசிட் ஃபங்ஷன் தேற்றங்கள். கேள்வியும் அதற்கேற்ப வரும். முதலில் எடுத்த அதே சார்பைக் கொடுத்து 'கீழ்க்கண்டவற்றில் எவை சரி' என்று கேட்டால், அணிக்கோவை எக்ஸ், ஒய் வர்க்கங்களின் கூட்டலைப் போல் நான்கு மடங்கு, ஆகவே ஆதிப்புள்ளியைத் தவிர எல்லா இடத்திலும் அருகளவில் நேர்மாறு உண்டு என்று பார்க்க வேண்டும். ஆனால் (1, 2)-ஐயும் (−1, −2)-ஐயும் சார்பு ஒரே இடத்துக்குத்தான் அனுப்புகிறது, ஆக மொத்தமாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று நம்ப வேண்டுமானால் தேற்றத்தை ஒருமுறையாவது நிரூபித்துப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் நான் கேட்ட கேள்விகள் இரண்டுதான். எப்சிலான்–டெல்டா நிரூபணம் (எல்லை, தொடர்ச்சி இவற்றைத் துல்லியமாக நிறுவுகிற முறை) ஒன்றை, புத்தகம் பார்க்காமல் எழுத வருமா? வந்தது. ஒரு தளத்தில் எல்லாப் புள்ளிகளையும் ஒரு சாய்ந்த கோட்டின் மேல் பிரதிபலிக்கிற உருமாற்றத்துக்கு அணி எழுத வருமா? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சூத்திரம் ஏதாச்சும் இருக்கா அண்ணா?" என்றாள். என்னுடைய நாலரை மணிக் காபி ஞாபகம் வந்தது.

ஆகவே அவளுக்குச் சொன்னது இப்படி. ரூடின் 9 இப்போது வேண்டாம், ஸ்பிவாக் அப்புறம். மே மாதம் முழுக்க லினியர் ஆல்ஜீப்ரா, அணியை மறந்துவிட்டு உருமாற்றமாக. கூடவே சாயங்காலம் ஓரூவின் வீடியோ ஒன்று, பேனாவும் நோட்டுமாக. ஜூனிலிருந்து முன்க்ரெஸ், வாரத்துக்குப் பத்துப் பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. எப்சிலான்–டெல்டாவே தடுமாறியிருந்தால் முன்க்ரெஸையும் தள்ளிவைத்து, ரூடினின் முதல் ஐந்து அத்தியாயங்களை முதலில் முடிக்கச் சொல்லியிருப்பேன். லினியர் ஆல்ஜீப்ரா நன்றாக வந்திருந்தால் ரூடினின் 9-ஆம் அத்தியாயத்திலேயே இறங்கு, 10 மட்டும் வேண்டாம், அதற்கு ஸ்பிவாக்கின் நான்காம் அத்தியாயத்துக்கு வா என்று சொல்லியிருப்பேன்.

ஆடி பிறந்த சமயத்தில் திரும்ப வந்தாள், சண்டை போடுவதற்கு. ஆதிப்புள்ளியைச் சுற்றிச் சுழல்கிற அந்தப் பிரசித்தமான வெக்டர் புலம், கர்ல் எங்கும் 0, ஆனால் வட்டத்தைச் சுற்றித் தொகையிட்டால் இரண்டு பை. கிரீன் தேற்றப்படி 0 வர வேண்டுமே, வீடியோவில் சொன்னது தப்பா, தன் கணக்குத் தப்பா என்று கேட்டாள். இரண்டும் சரி, வட்டத்துக்குள்ளே ஒரு ஓட்டை இருக்கிறது, ஆதிப்புள்ளியில் புலமே கிடையாது என்றேன். "அப்போ ஓட்டை இருக்கான்னு தொகையிட்டே கண்டுபிடிக்கலாமா?" என்றாள். அது முன்க்ரெஸின் எட்டாம் அத்தியாயம். அவள் அப்போது இரண்டில் இருந்தாள்.